நாடாவை வாயில் வைத்துப் பார்த்த டாக்டரம்மா

தந்தி வந்தபோது நான் ஆரணி கொசப்பாளையத்தில் வேறொரு தெரு வீட்டில் பாவு பிணைத்துக்கொண்டிருந்தேன், தறியில் தீர்ந்த பாவின் ஒவ்வொரு இழையோடும் புதுப் பாவின் இழையை முறுக்கிச் சேர்க்கிற வேலை. எங்கள் தெருவில் விசாரித்துக்கொண்டு தபால்காரர் அங்கேயே வந்துவிட்டார். எனக்குப் படிக்கத் தெரியாது. அதனால் எனக்கு வருகிற காகிதத்தை அவரே பிரித்துப் படித்துச் சொல்வது வழக்கம். அன்று பிரித்தார், பார்த்தார், படிக்காமல் மடித்தார்.

"யாருங்க?" என்றேன்.

"மெட்ராஸ் டாக்டரம்மா" என்றார்.

பாதி இழை பிணைத்தாகிவிட்டது. அந்த நிலையில் விட்டுவிட்டு எழுந்தால் முழுப் பாவும் சிக்கலாகிவிடும். உட்கார்ந்து மிச்சத்தையும் பிணைத்து முடித்தேன். முடித்துவிட்டு பஸ் ஏறிப் பட்டணம் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் ஆகிவிட்டிருந்தது. மாரடைப்பு என்று சொன்னார்கள். டாக்டரம்மாவின் மேசைமேல் மூக்குக் கண்ணாடி இருந்தது, கீழே ஒரு நோட்டுப் புத்தகம் திறந்தபடி இருந்தது. கடைசி வரி ஒரு கேள்வியாம். அங்கிருந்த உதவி டாக்டர் சொன்னார். எந்த நோயாளியைப் பற்றி, என்ன கேள்வி என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. அம்மாவாக இருந்தால் கேட்டிருப்பார்கள்.

டாக்டர் மனோரஞ்சிதம் அவர்கள் உணவுக்குழாய், இரைப்பை, குடல் இவற்றில் வருகிற புற்றுநோய்க்கு வைத்தியம் பார்த்தவர்கள். மருத்துவக் கல்லூரியில் அதையே பாடமாகவும் நடத்தினார்கள், ஆராய்ச்சியும் செய்தார்கள். அவர்களிடம் படித்தவர்கள் சேர்ந்து ஒரு நினைவு மலர் போடுகிறார்கள். அதில் நானும் எழுத வேண்டும் என்று கேட்டார்கள். நான் சொல்லச் சொல்ல என் மருமகள் எழுதுகிறாள். பெரிய பெரிய டாக்டர்கள் எழுதுகிற மலரில் எனக்கு என்ன இடம் என்று தெரியாதவர்களுக்காக முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அம்மாவின் ஒரு பெரிய ஆராய்ச்சி கவிழ்ந்துபோனது. கவிழ்த்தவன் நான்.

எமர்ஜென்சி வந்த வருஷம் என் அண்ணன் வடிவேலுவுக்குச் சோறு இறங்கவில்லை. முதலில் கெட்டிச் சோறு, பிறகு குழைந்த சோறு, அப்புறம் கஞ்சியும் நெஞ்சிலேயே நின்றது. பட்டணத்துக்கு அழைத்துப்போனேன். வார்டில் அண்ணன் கட்டிலுக்கு அம்மா வந்தார்கள். வயிற்றில் கை வைப்பதற்கு முன்னால் இரண்டு உள்ளங்கையையும் தன் புடவையில் பரபரவென்று தேய்த்துச் சூடாக்கிக்கொண்டார்கள். மற்ற டாக்டர்கள் கை சில்லென்று இருக்கும்.

அவர்கள் கேட்ட கேள்விகள் எனக்கு வேடிக்கையாக இருந்தன. கடைசியாக எந்தச் சாப்பாடு ருசித்தது, காரம் எவ்வளவு, கருவாடு உண்டா, தண்ணீர் எந்தக் கிணறு. எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார்கள். இந்த வார்டுக்கு ஆரணியிலிருந்து அடிக்கடி ஆள் வருகிறார்களே, ஏன் ஆரணி, அதுவும் ஏன் தறி வீடு என்று தனக்குத்தானே பேசிக்கொள்வதுபோல் கேட்டார்கள்.

அண்ணன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு, "நான் பண்ண பாவம்மா அது" என்றான்.

"என்ன பாவம்?"

"படவேட்டு அம்மனுக்குச் சாத்தற பொடவய எச்சில் பண்ணிட்டேன்."

அம்மாவுக்குப் புரியவில்லை. நான் விளக்கினேன். தறியில் ஊடை நூலைக் கொண்டு ஓடுகிற மரத்துண்டுக்கு நாடா என்று பெயர். அதற்குள் நூல் சுற்றிய தார் இருக்கும். தார் தீர்ந்து வேறு தார் போடும்போதெல்லாம் நூலின் நுனியை நாடாவின் பக்கத்தில் இருக்கிற சின்னக் கண் வழியாக வெளியே எடுக்க வேண்டும். கையால் நுழைத்தால் நேரமாகும். வாயை வைத்து ஒரு உறிஞ்சு உறிஞ்சினால் நுனி நாக்குக்கு வந்துவிடும். ஒரு நாளைக்கு எத்தனை முறை என்று கேட்டார்கள். எண்ணுகிற கணக்கா அது? சாயம் நாக்கில் ஒட்டுமா என்றார்கள். ஒட்டும், அரக்குப் புடவை போட்ட மாதம் எச்சில் துப்பினால் அரக்காக இருக்கும் என்றேன். அம்மா எழுதுவதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார்கள். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.

அறுவை சிகிச்சை நடந்தது. காலம் கடந்து கண்டுபிடித்த நோய். அண்ணன் அந்தத் தீபாவளியைப் பார்க்கவில்லை.

கருமாதி முடிந்து ஒரு மாதம் இருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். பருத்திப் புடவை, கையில் ஒரு பெரிய நோட்டு. ஆரணிக்கு வந்து பட்டைத் தொட்டுக்கூடப் பார்க்காத பெண்பிள்ளையைத் தெரு அதற்கு முன் பார்த்ததில்லை. வரி ஆபீஸ் ஆள் என்று பக்கத்து வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டார்கள். என் அண்ணி முற்றத்திலேயே நின்று, "செத்த வூட்டுக்கு டாக்டர் இன்னாத்துக்கு?" என்று கேட்டுவிட்டாள்.

"பொழச்சவங்க என்னப் பாக்க வருவாங்க. போனவங்க வீட்டுக்கு நான்தான வரணும்" என்றார்கள் அம்மா. அண்ணி பாய் போட்டாள்.

அந்தப் பாயில் உட்கார்ந்துதான் தன் யோசனையைச் சொன்னார்கள். நோய் வந்த நெசவாளர் ஒருவர் இருந்தால், அதே தெருவில் அதே வயதில் நோய் இல்லாத ஒருவரையும் பார்க்க வேண்டும். இரண்டு பேரிடமும் ஒரே கேள்விகள். நோயாளிகள் மட்டும் ஆமாம் என்று சொல்வது எதுவோ, அங்கேதான் காரணம் ஒளிந்திருக்கும். எனக்கு அது பிடித்திருந்தது. வீடு வீடாக அழைத்துப்போக ஒரு ஆள் வேண்டும் என்றார்கள். பாவு பிணைக்கிறவனுக்குத் தெரியாத வீடு ஆரணியில் ஏது? வருகிறேன் என்றேன்.

"அப்ப உங்ககிட்டயே ஆரம்பிக்கலாம். உங்களுக்கும் தறி இருக்கு, நோய் இல்ல. நீங்க நாடாவ வாயால உறிஞ்சுவீங்களா?"

துக்கம் கேட்க வந்த பட்டு முதலாளியின் கணக்குப்பிள்ளை எதிரே உட்கார்ந்திருந்தார். நாங்கள் நெய்வது முகூர்த்தப் புடவை, கோயில் புடவை. எச்சில் பட்டது என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டால் அதை யார் உடுத்துவார்கள், எந்த அம்மனுக்குச் சாத்துவார்கள்? முதலாளிக்கும் தெரியும், கணக்குப்பிள்ளைக்கும் தெரியும். தெரிந்ததை யாரும் சொல்வதில்லை, அவ்வளவுதான். நான், "இல்லீங்க, கம்பிய வுட்டு நூல இழுப்போம்" என்றேன்.

அம்மா எழுதிக்கொண்டார்கள்.

ஆஸ்பத்திரியில் நானே வாயைத் திறந்து சொன்னது அம்மாவுக்கு நினைவில்லாமல் இருக்குமா? அண்ணன் செய்ததை நான் சொன்னேன், என்னைப் பற்றி நான் சொல்லவில்லை என்று எடுத்துக்கொண்டார்கள் போலிருக்கிறது. நம்புகிற மனசு.

அதற்குப் பிறகு மாதத்துக்கு ஒரு ஞாயிறு என்று மூன்று வருஷத்துக்கு மேல் வந்தார்கள். எல்லாத் தெருவிலும் நோய் இல்லாதவர்களிடம் அதே பதில். "கம்பிதாங்க." சொல்லிவைத்த மாதிரி. நாகம்மாள் என்று ஒரு கிழவி, உதட்டில் பச்சைச் சாயத்தோடு, "கம்பிதான்மா, வேற இன்னா?" என்று சொன்னாள். நான் பக்கத்திலேயே நின்றேன். கம்பி எங்கே காட்டு என்று அம்மா கேட்டுவிடுவார்களோ என்று எனக்குத்தான் வியர்த்தது. அவர்கள் கேட்கவில்லை.

ஆனால் நோய் வந்து வார்டில் கிடந்தவர்கள் அண்ணனைப் போலவே பேசினார்கள். ஊரை விட்டு நெடுந்தூரம், சாவு பயம், இது தெய்வ குத்தம் என்கிற எண்ணம். கேட்பதற்கு முன்னாலேயே அழுதுகொண்டு, உறிஞ்சினேன், உறிஞ்சினேன் என்று ஒப்புக்கொண்டார்கள். அம்மாவின் நோட்டில் ஒரு பக்கம் முழுக்க ஆமாம், இன்னொரு பக்கம் முழுக்க இல்லை.

ஒரு ஞாயிறு அம்மா வந்தபோது நடையே வேறாக இருந்தது. டெல்லியில் பெரிய மாநாடு, வெளிநாட்டு டாக்டர்களெல்லாம் வருகிறார்கள், இந்த ஆராய்ச்சியைப் படிக்கப்போகிறேன் என்றார்கள். அதற்குப் பிறகு துறைத் தலைவர் பதவி என்றும் பேச்சு இருந்தது. அதை அவர்கள் சொல்லவில்லை, கூட வந்த உதவி டாக்டர் தம்பி சொன்னார். எங்கள் வீட்டில் மோர் குடித்துவிட்டு அம்மா சொன்னார்கள்:

"உங்க அண்ணன் சொன்ன ஒரு வார்த்தையில ஆரம்பிச்சது. இனிமே வேற காரணம் தேட வேண்டியதில்ல."

அவர்கள் போன பிறகும் அந்தக் கடைசிப் பேச்சுதான் காதில் இருந்தது. வேறு காரணம் தேட வேண்டியதில்லை. அப்படியென்றால் என் அண்ணனைக் கொன்றது எதுவோ, அதை இனி யாரும் தேடப்போவதில்லை. தேடத் தெரிந்த ஒரே ஆளின் கையில் நான் கம்பியைக் கொடுத்து அனுப்பியிருக்கிறேன். இல்லாத கம்பி.

மறுநாள் பாவு பிணைக்க உட்கார்ந்தேன், விரல் ஓடவில்லை. செவ்வாய்க்கிழமை பஸ் ஏறினேன்.

கல்லூரியில் அம்மாவின் அறைக்குள் விட்டார்கள். சின்னச் சின்னப் படச் சட்டங்களை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாநாட்டில் திரையில் காட்டுவதற்காம். உதவி டாக்டரும் இருந்தார். நான் நின்றபடியே சொன்னேன்.

"அம்மா, எல்லாரும் உறிஞ்சறாங்க."

"யாரு எல்லாரும்?"

"நோவு வந்தவன், வராதவன், எல்லாருந்தாம்மா. கம்பின்னு ஒண்ணு கெடயவே கெடயாது. மொதப் பொய் நான் சொன்னது."

உதவி டாக்டருக்கு முகம் சிவந்துவிட்டது. இந்த ஆள் ஒருத்தர் பேச்சைக் கேட்டு நிறுத்துவதா, டிக்கெட் எடுத்தாகிவிட்டது என்று படபடத்தார். நானும் ஒரு அறை விழும் என்றுதான் நின்றேன். அம்மா கையிலிருந்த படச் சட்டத்தை மேசைமேல் கவிழ்த்து வைத்தார்கள். பிறகு நாற்காலியைக் காட்டி, "உக்காருங்க. ஏன் சொல்லலன்னு மட்டும் சொல்லுங்க" என்றார்கள்.

முகூர்த்தம், அம்மன், முதலாளி, எச்சில் எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கு ஒன்று ஆச்சரியமாக இருந்தது. அம்மா பேனாவை எடுத்து எழுத ஆரம்பித்துவிட்டார்கள். மூன்று வருஷ உழைப்பு போகிறது, இவர்களோ எச்சில் பட்டால் என்ன ஆகும், குழந்தை எச்சிலும் அப்படித்தானா, தறி பூஜை அன்றைக்கு என்ன செய்வீர்கள் என்று கேட்டுக்கொண்டே எழுதுகிறார்கள். நடுவில் ஒரு தடவை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்கள். அது ஒன்றுதான் எனக்குத் தெரிந்த வருத்தம்.

"மேடம், டெல்லிக்கு என்ன சொல்றது?" என்றார் உதவி டாக்டர்.

"தப்பாப் போச்சுன்னு சொல்லு."

"காரணம் கேப்பாங்களே?"

"எனக்குக் கேக்கத் தெரியலன்னு சொல்லு."

அந்தப் பதவி அந்த வருஷம் வேறொருவருக்குப் போனது. கல்லூரியில் அம்மாவை ஜாடையாகப் பேசிச் சிரித்தார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன். என்னிடம் ஒரு நாளும் அதைச் சொல்லிக்காட்டியதில்லை.

அடுத்த ஞாயிறு வரமாட்டார்கள் என்று நினைத்தேன். முதல் பஸ்ஸிலேயே வந்து இறங்கினார்கள். நேராக நாகம்மாள் வீடு. நோட்டைத் திறக்கவே இல்லை. தறி ஓரமாக உட்கார்ந்து, ஒரு நாடாவையும் தாரையும் கேட்டு வாங்கி, நாடாவின் கண்ணில் வாயை வைத்து உறிஞ்சினார்கள். நூல் வரவில்லை. மறுபடியும் உறிஞ்சினார்கள். கன்னம் குழிந்ததுதான் மிச்சம். பக்கத்தில் பாவு இழையைச் சரிபார்த்துக்கொண்டிருந்த பெண்கள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்கள். நாகம்மாளுக்குப் பொறுக்கவில்லை.

"இன்னாமா இது, எளநி குடிக்கற மாரி? ஒதட்ட அப்டி வெக்காத. இப்டிக் குடு."

நாடாவைப் பிடுங்கிக்கொண்டு ஒரே உறிஞ்சு. நுனி நாக்கில் நின்றது. எடுத்து விரலில் சுற்றி, பெருமையாக நீட்டினாள். அப்புறம்தான் தான் என்ன செய்தோம் என்பது அவளுக்கு உறைத்தது. என்னைப் பார்த்தாள், வாசலைப் பார்த்தாள்.

அம்மா சிரிக்கவில்லை. "இன்னொரு தடவ காட்டுங்க. எனக்கு வரமாட்டேங்குது" என்றார்கள்.

அவ்வளவுதான், ஆளுக்கு ஆள் நாடாவை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்கள். ஒருத்தி நாக்கை மடித்து உறிஞ்சுவாள், ஒருத்தி பல் இடுக்கால். என் மாமியார் சொல்லிக்கொடுத்தது, எங்கம்மா சொல்லிக்கொடுத்தது என்று ஒரே இரைச்சல். அம்மாவுக்கும் ஏழாவதோ எட்டாவதோ தடவையில் வந்தது. உதட்டில் மாம்பழ மஞ்சள். "டாக்டருக்கு மீச மொளச்சிட்ச்சி" என்று நாகம்மாள் சொல்ல, வீடே சிரித்தது.

அப்படியே வீடு வீடாக, கேட்காமல், தானும் உறிஞ்சிக்கொண்டே பார்த்தார்கள். இன்னும் இரண்டு வருஷம். நோய் வந்த வீடு, வராத வீடு, வித்தியாசமே இல்லை. நாடா குற்றவாளி இல்லை என்று ஆகிவிட்டது. ஆனாலும் சாயம் வயிற்றுக்குள் போவானேன் என்று எல்லாருக்கும் கம்பிக் கொக்கி ஒன்று செய்து கொடுத்தார்கள். அதில் பாதி முதுகு சொறியப் போய்விட்டது என்பதையும் சொல்ல வேண்டும்.

அப்படித் தறி வீடுகளில் உட்கார்ந்திருந்தபோதுதான் வேறொன்று அவர்கள் கண்ணில் பட்டது. எப்போதிலிருந்து சோறு இறங்கவில்லை என்று கேட்டால் எங்கள் ஆட்களுக்கு மாதம் தேதி சொல்லத் தெரியாது. ஏதோ கொஞ்ச நாளாக என்பார்கள். ஒரு வீட்டில் நான் குறுக்கே புகுந்து, "அது அந்தக் கிளிப்பச்சைப் பாவு போட்டப்பவே இவன் கஞ்சிதான் குடிச்சிகினு இருந்தான், நான்தான பெணச்சேன்" என்றேன். அம்மா திரும்பினார்கள்.

"அப்புறம் எத்தன பாவு?"

"அரக்கு ஒண்ணு, மயில்கழுத்து ஒண்ணு. அத அறுத்து எறக்கிட்டுத்தான் பட்டணம் வந்தான்."

ஒரு பாவு நெய்து இறக்க ஒரு மாதம்போல ஆகும், என் தலைக்குள் அந்தக் கணக்கு இருந்தது. எந்த வீட்டில் எந்த வருஷம் என்ன நிறப் பாவு பிணைத்தேன், அன்று அந்த வீட்டில் யார் எப்படி இருந்தார்கள் என்று இன்றைக்கும் சொல்வேன். நாலு நாள் என்னை உட்காரவைத்து, போனவர்கள் ஒவ்வொருவருக்கும் அதைக் கேட்டு எழுதிக்கொண்டார்கள். அண்ணனுடைய முறை வந்தது. இரண்டு பாவு என்றேன். இரண்டையும் நான்தான் பிணைத்துக் கொடுத்தேன். தறியில் பாவு இருக்கும்போது நெசவாளி எழுந்திருக்க மாட்டான். முடியட்டும், இறக்கிவிட்டுப் போகலாம் என்பான். அதற்குள் நோய் முற்றிவிடும்.

ஏன் ஆரணி என்று அவர்கள் கேட்ட கேள்விக்கு அது முழுப் பதில் இல்லை. நோய் எதனால் வருகிறது என்பது கடைசிவரை தெரியவில்லை, தெரியவில்லை என்றே எழுதினார்கள். ஆனால் ஏன் சாகிறார்கள் என்பதற்குப் பாதிப் பதில் கிடைத்தது. ஒரு பாவு இறங்கி அடுத்த பாவு ஏறுவதற்குள் இரண்டு மூன்று நாள் தறி சும்மா இருக்கும். அந்த நாட்களில் அந்த வீட்டுக்குள் தவறாமல் போகிற ஆள் யார்? பிணைக்கிறவன். அம்மா எனக்கு மூன்று கேள்வி கற்றுக்கொடுத்தார்கள். சோறு இறங்குகிறதா, வயிறு சீக்கிரம் நிரம்பிவிடுகிறதா, மலம் கறுப்பாகப் போகிறதா. ஒன்றுக்கு ஆமாம் என்றாலும் நான் புதுப் பாவைப் பிணைக்கக் கூடாது, முதலில் பட்டணம். அங்கே ஆரணி ஆள் என்றால் வரிசையில் நிறுத்தாமல் அன்றைக்கே குழாய் விட்டுப் பார்க்க ஏற்பாடு செய்துவைத்தார்கள்.

தெருவில் எனக்குக் கெட்ட பேர். "வந்தாம்பா, பீ எப்டிப் போச்சின்னு கேக்கறவன்" என்பார்கள். கன்னியப்பன் என்று ஒருவன், பிணைக்க மாட்டேன் என்றதற்கு என்னை அடிக்கவே வந்தான். திட்டிக்கொண்டேதான் பட்டணம் போனான். இரைப்பையில் பாதியை எடுத்தார்கள். நேற்று அவன் வீட்டில்தான் பிணைத்தேன். அதே திட்டு.

பாவுக் கணக்கையும் நாடாக் கணக்கையும் சேர்த்து அம்மா ஒரு கட்டுரை எழுதினார்கள். தன் முதல் ஆராய்ச்சி எப்படித் தப்பாகப் போனது என்பதை ஒளிக்காமல் எழுதிய கட்டுரை. அச்சாகி வந்த புத்தகத்தை எடுத்துக்கொண்டு ஆரணிக்கே வந்தார்கள். அப்போது துறைத் தலைவர் ஆகியிருந்தார்கள், தலை நரைத்துவிட்டது. என் பேரைப் போட வேண்டும் என்று முன்னாலேயே கேட்டிருந்தார்கள். நான் கையெடுத்துக் கும்பிட்டு வேண்டாம் என்றிருந்தேன். பட்டை எச்சில் என்று சொன்னவன் என்று தெரிந்தால் எந்த முதலாளி எனக்குப் பாவு கொடுப்பார்?

ஒரு பக்கத்தைத் திருப்பி, விரல் வைத்துத் தமிழில் சொன்னார்கள்: "ஆரணிக்காரர் ஒருவர் எங்கள் தவறை எங்களிடம் வந்து சொன்னார். தன் பெயரை எழுத வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டார்."

"இது நீங்கதான்" என்றார்கள். "எப்பப் பயம் போகுதோ அப்பச் சொல்லுங்க. என்கிட்ட இருக்கற பிரதியிலயாவது எழுதிவச்சுக்கறேன்."

அதற்குப் பிறகும் எத்தனையோ ஞாயிறு வந்தார்கள். வரும்போதெல்லாம் சொல்லலாம் என்று வாய்வரை வரும். அடுத்த தடவை பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுவேன். பாவு முடியட்டும் என்று உட்கார்ந்திருந்தவர்களைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை.

இதை அச்சில் பார்த்துவிட்டு முதலாளிகள் கேட்கட்டும். ஆமாம், நாங்கள் உறிஞ்சித்தான் நெய்தோம். அந்தப் புடவைகளைக் கட்டிக்கொண்டுதான் இந்தச் சீமையில் பாதிப் பேருக்குக் கல்யாணம் ஆனது. படவேட்டு அம்மன் அதை உடுத்திக்கொண்டு எங்களைக் காப்பாற்றிக்கொண்டுதான் இருக்கிறாள்.

அம்மா, போய்வாருங்கள். என் பேர் ஏகாம்பரம். கொசப்பாளையம், பாவு பிணைக்கிறவன். எழுதிக்கொள்ளுங்கள்.